செவ்வந்தி மகால் தலைவர்

ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால், அந்த ஊரிலிருக்கும் குடிமக்கள் உரிமை அவை, பெயரைச் சொன்னது சரியா தவறா என்று ஒரு கூட்டம் போடும். கூட்டத்தின் முடிவில் அவை இரண்டாக உடையும். உடைந்த இரண்டும் தனித்தனியே கண்டன அறிக்கை விடும். தென்மாவட்டங்களில் ஒரு பெரிய ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

அந்த அவையின் செயலாளர் வழக்கறிஞர் ரெஜினா. ஐம்பதைத் தாண்டியவர். மூன்று முறை உடைந்தது போக மிச்சமிருந்த ஒன்பது பேரை எப்படியோ இழுத்துக் கட்டி வைத்திருந்தார். யாரை யார் அடித்தாலும் அங்கே போய் நிற்பார். அடிபட்டவரிடம் பேசிவிட்டு, அடித்தவரிடமும் போய் உங்கள் தரப்பு என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்; அது அவையின் விதி. எதிராளிக்கும் உரிமை உண்டு என்று நம்புகிற மனுஷியோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்று அவருடைய கணவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அதையும் அவருடைய தரப்பு என்று ரெஜினா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

முன்பெல்லாம் கைது என்பது ஒரு மரியாதையான ஏற்பாடாக இருந்தது. பத்து மணிக்கு ஆர்ப்பாட்டம் தொடங்கும். பதினொன்றுக்குப் போலீஸ் வேன் வரும். வேனில் ஏறிக் கோஷம் போட்டுக்கொண்டே ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனால், மதியம் சாம்பார் சாதப் பொட்டலம் வரும். ஃபேனுக்கு அடியில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் மாலையில் விட்டுவிடுவார்கள். இரண்டு தரப்புக்கும் இதில் பெரிய மனத்தாங்கல் இல்லை.

தீர்க்கதரிசி வந்து அதைத் தலைகீழாக்கிவிட்டது. தீர்க்கதரிசி என்பது காவல்துறை வாங்கிவைத்த கணினி மூளை. ஊரில் அதை ஜோசியர் என்றார்கள். யாருடைய செல்போன் யாருடைய செல்போனோடு நிற்கிறது, தெருக் கேமராவில் யார் முகம் யாரோடு தெரிகிறது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் அது, நாளைக்கு யார் யார் போராடுவார்கள் என்பதை இன்றைக்கே சொல்லிவிடும். காலையில் வேன் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். இன்றைக்கு நீங்கள் போராட்டம் பண்ணப் போகிறீர்கள், ஏறுங்கள் என்பார்கள். எதற்காகப் போராடப் போகிறேன் என்று கேட்டவர்களும் உண்டு. அது எங்களுக்கும் தெரியாது, ஏறுங்கள் என்பதுதான் பதில்.

ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய், மறுநாள் அவருக்குக் கல்யாணம் நடக்கவிருந்த அதே மண்டபத்தில் வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு என்ன அவசரம் என்று பெண்வீட்டார் கேலி பேசிச் சிரித்தார்கள். கண் அறுவைச் சிகிச்சைக்குக் கிளம்பிய ஒரு நெசவாளரைப் பிடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அடுத்த தேதி கிடைப்பதற்குள் அவருக்கு ஒரு கண் போய்விட்டது. அவருக்காக ரெஜினா உயர் நீதிமன்றம் போனார். தீர்க்கதரிசி இதுவரை ஒரு தப்பும் செய்ததில்லை என்றார் அரசு வழக்கறிஞர். அது போராடுவார் என்று சொல்லிப் பிடித்த ஒருவராவது அன்றைக்குப் போராடாமல் இருந்திருப்பார் என்று உங்களால் நிரூபிக்க முடியுமா என்று கேட்டார். மண்டபத்துக்குள் பூட்டி வைத்திருக்கும் ஆள் வெளியே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதை யாரால் நிரூபிக்க முடியும்? ரெஜினா தோற்றார். அந்த நெசவாளர் ஒற்றைக் கண்ணோடு வந்து, பரவாயில்லம்மா என்று அவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். ரெஜினா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

தீர்க்கதரிசிக்கென்று போட்ட சட்டத்தில் இரண்டு முட்கள் இருந்தன. ஜோசியர் சொன்னதை எந்த மனிதரும் மாற்றக் கூடாது என்பது ஒன்று. அதிகாரிகள் தங்களுக்கு வேண்டியவர்களை விட்டுவிடாமலிருக்க இது அவசியம் என்று மாநகரக் காவல் ஆணையர் கனகசபாபதியே வாதாடிச் சேர்த்த விதி அது. ஜோசியர் யாரையாவது 'தலைவர்' என்று சொல்லிவிட்டால், அவரை ஒரு வருடம் சிறையில் வைக்கலாம் என்பது இரண்டாவது.

ஒரு வியாழக்கிழமை, அவையின் ஒன்பது பேரும் வழக்கம்போல் செவ்வந்தி மகாலில் அடைபட்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் உதவி ஆய்வாளர் கோமதி கையில் ஒரு டேப்லெட்டோடு உள்ளே வந்து, தெய்வேந்திரன் யார் என்று கேட்டார்.

தண்ணீர் ஜக்கோடு நின்றிருந்த ஒரு மனிதர் திரும்பினார். செவ்வந்தி மகாலின் மேலாளர். ஒடிசலான உடம்பு, சட்டைப் பையில் சாவிக்கொத்து. எத்தனையோ முறை அங்கே அடைபட்டவர்கள் யாரும் அவர் பெயரைக் கேட்டதில்லை. ரெஜினாவும் கேட்டதில்லை.

"நாந்தாங்க. பாத்ரூம்ல தண்ணி வரலீங்களா?"

"அதில்ல. உங்க மேல ஆர்டர் வந்திருக்கு. நீங்க தலைவராம்."

"எதுக்குங்க தலைவரு? ஓனரு மெட்ராஸ்ல இருக்காரு. நான் சாவிய மட்டும்தான் வச்சிருக்கேன்."

ரெஜினா கையில் சாப்பாட்டுடன் எழுந்துவந்து, காரணம் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். கோமதி டேப்லெட்டைப் பார்த்து வாசித்தார். போராட்டக்காரர்கள் ஒவ்வொரு முறையும் இவர் இருக்குமிடத்தில் வந்து கூடுகிறார்கள். இவர் யாரையும் தேடிப் போவதில்லை. எல்லோரும் இவரிடம் வருகிறார்கள், மாலைவரை இருக்கிறார்கள், கலைந்து போகிறார்கள்.

"நாங்க வரல கோமதி. நீங்கதானே கொண்டாந்து விடுறீங்க."

"எனக்குத் தெரியும் மேடம். ஜோசியருக்குத் தெரியாதே. அதுக்கு போன் எங்க நிக்குதுன்னு மட்டும்தான் தெரியும். யாரு வேன்ல கொண்டாந்தாங்கன்னு அதுக்கு என்ன கவலை?"

கோமதி மேலே படித்தார். சமையல்காரர் சுருளி, பந்தி பரிமாறுகிறவர்கள், இலை எடுக்கிறவர்கள் என மண்டபத்து ஆட்கள் எல்லோரும் தலைவரின் முக்கிய ஊழியர்களாம். நேரம் தவறாதவர்கள், கட்டுப்பாடானவர்கள், தலைவரைவிட்டு நகராதவர்கள் என்று ஜோசியர் அவர்களை மெச்சியிருந்தது. ரெஜினாவுக்கு ஆசை விடவில்லை. எங்கள் அவையைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். கோமதி கொஞ்சம் தயங்கினார்.

"உதிரிகள்னு போட்டிருக்கு மேடம்."

ஓய்வுபெற்ற பேராசிரியர் இலக்குவன், அவையின் மூத்த உறுப்பினர், சாம்பார் சாதத்தைக் கீழே வைத்துவிட்டார். அவையின் மூன்று பிளவுகளில் இரண்டுக்கு அவர்தான் காரணம். ஆனாலும் அந்த வார்த்தை அவரைச் சுட்டுவிட்டது.

தலைவர்களை மேல்விசாரணை வரை எங்காவது காவலில் வைக்க வேண்டும். சிறையில் இடமில்லை, இன்னும் சில நாட்களுக்கு மண்டபத்திலேயே வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஆக, தெய்வேந்திரன் தன்னுடைய மண்டபத்திலேயே கைதியானார். மாலையில் எல்லோரையும் வெளியே விட்டுவிட்டு, உள்ளே நின்று தானே கதவைப் பூட்டி, சாவியைத் தானே பைக்குள் போட்டுக்கொண்டார். காவலுக்கு நின்ற போலீஸ்காரருக்கு ஒரு நாற்காலியும் எடுத்துப் போட்டார்.

மறுநாள் அவருடைய மனைவி சந்தனமாரி, மாற்று வேட்டியோடு ரெஜினாவின் அலுவலகத்துக்கு வந்தாள். மண்டபத்துக்குப் போகிற வழியில் வந்ததாகச் சொன்னாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவரு கரண்ட்டு பில்லு கட்டுற லைன்ல நிக்கவே பயப்படுவாரு மேடம். யாராச்சும் முன்னாடி பூந்தாக்கூட ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஒரு வருஷம் உள்ள வச்சிட்டா, வெளிய வர்றது இதே ஆளா இருக்குமா?"

சிறைக்குள் போய்வந்த தைரியசாலிகளையே ரெஜினா பார்த்திருந்தார். சிலர் அதற்குப் பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்கினார்கள். தெய்வேந்திரன் மாதிரி ஆளை அந்த ஒரு வருடம் அடியோடு தின்றுவிடும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. எப்படியாவது மீட்டுத் தருகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னார். வழக்கறிஞர்கள் அப்படிச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டார்.

தெய்வேந்திரனுக்காக ரெஜினா போட்ட மனு மீது அடுத்த புதன்கிழமை முதல் விசாரணை நடந்தது. ஜோசியர் தப்பு செய்யும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று ரெஜினா கேட்டார். எல்லாத் தலைவர்களும் தங்களை அப்பாவி என்றுதான் சொல்வார்கள் என்று அரசு வழக்கறிஞர் சிரித்தார். பயந்தவர் போல் நடந்துகொள்வது கைதேர்ந்த தலைவர்களின் உத்தி என்றும் சேர்த்துக்கொண்டார். நீதிபதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கருவி தவறும் என்பதற்கு அரசுத் தரப்பே மறுக்க முடியாத ஒரு உதாரணம் கொண்டுவாருங்கள் என்று ரெஜினாவிடம் சொல்லி, வழக்கை இரண்டு வாரம் தள்ளி வரும் திங்கட்கிழமைக்கு வைத்தார். கொண்டுவராவிட்டால் அன்றைக்கே உத்தரவு உறுதியாகும். உறுதியானால் அங்கிருந்து நேரே சிறைதான்.

அதே வார வெள்ளிக்கிழமை அவையை மறுபடியும் பிடித்தார்கள். செவ்வந்தி மகாலின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, இதையே அவசரக் கூட்டமாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். தெய்வேந்திரன் எல்லோருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தார். கைதியாக இருந்தாலும் வந்தவர்களைக் கவனிக்காமலிருக்க அவரால் முடியவில்லை.

ரெஜினா விஷயத்தை விளக்கினார். ஜோசியருக்கு ஒரே ஒரு கணக்குதான் தெரியும்; யாரைச் சுற்றி ஆட்கள் கூடுகிறார்களோ அவர் தலைவர். நாளைக்கு எல்லோரும் கமிஷனர் பின்னால் போய் நின்றால், அவரையும் தலைவர் என்று சொல்லிவிடும். அலுப்பில் சொன்ன வார்த்தைதான் அது. இளைய உறுப்பினர்கள் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இலக்குவன் கையைத் தூக்கினார். ஒரு மனிதர் கமிஷனராக இருக்கிறார் என்பதற்காகவே அவரைப் பொய்யாகச் சிக்கவைப்பது, நாம் எதை எதிர்க்கிறோமோ அதையே செய்வது என்றார். நடைமுறை, கோட்பாடு, வரலாறு என்று மூன்று தலைப்புகளில் பேசினார். எதிர்த்தரப்பும் பேசியது. காபி ஆறி, மறுபடி சூடு பண்ணி வந்தது. கடைசியில் 'காவல் ஆணையரின் தனிமனித சுதந்திரத்தை எந்த நிலையிலும் மதிப்போம்' என்று ஏழுக்கு இரண்டு வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. ரெஜினாவும் ஆதரித்துத்தான் வாக்களித்தார். மனமாரத்தான் வாக்களித்தார். அதில் சந்தேகம் வேண்டாம். தெய்வேந்திரன் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

அடுத்த வாரம் முழுக்க ரெஜினா ஓடினார். கணினி வல்லுநர்களைத் தேடினார். ஒருவர் அரசு ஒப்பந்தத்தில் இருந்தார். இன்னொருவர் அரசு ஒப்பந்தத்துக்கு விண்ணப்பித்திருந்தார். மூன்றாமவர் நீதிமன்றத்துக்கு வர முடியாது, வேண்டுமானால் தைரியமாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தபோது கோமதியின் அழைப்பு வந்தது.

"மேடம், உடனே மண்டபத்துக்கு வாங்க. புதுசா ஒரு தலைவர் வந்திருக்காரு. உங்களத்தான் பாக்கணுங்கிறாரு."

செவ்வந்தி மகாலின் மணமகள் அறையில், பெரிய கண்ணாடிக்கு முன்னால், நடைப்பயிற்சி உடையில் காவல் ஆணையர் கனகசபாபதி உட்கார்ந்திருந்தார். கட்டிலில் சாம்பார் சாதப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. கோமதி வாசலில் விறைப்பாக நின்றார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் காது வரை சிவந்திருந்தது. காலையில் உத்தரவு வந்ததாம். எந்த மனிதரும் மாற்றக் கூடாது என்று விதி இருக்கிறதே, அதனால் அவர் நடக்கும் மைதானத்துக்கே போய் அழைத்துவந்தாராம். வேனில் ஏறும்போது ஆணையர் அந்த விதியை மாற்றச் சொல்லி யார் யாருக்கோ போன் போட்டாராம். மாற்ற முடியாது என்பதற்கு அவர் எழுதிய குறிப்பையே அவருக்கு வாசித்துக் காட்டினார்களாம்.

ரெஜினா அவர் எதிரே உட்கார்ந்து, விதிப்படி அவருடைய தரப்பைக் கேட்டார். அவர் கண்ணாடியைப் பார்க்காமல் பேசினார்.

"ஒரு வாரமா எங்க போனாலும் ஒரு கூட்டம் மேடம். காலைல வாக்கிங் போனா, பின்னாடியே ஒரு பத்துப் பதினஞ்சு பேரு. கோயிலுக்குப் போனா அங்க. முடி வெட்டப் போனா, வாசல்ல பெஞ்சு நெறைய. ஒரு வார்த்த தப்பாப் பேசல. கும்பிடுறாங்க, ஒதுங்கி வழி விடுறாங்க. எனக்கு நல்ல பேரு வந்திருச்சுன்னு நெனச்சேன். வீட்டுல கூடச் சொன்னேன்."

ரெஜினா அதையும் குறித்துக்கொண்டார். இந்த மனிதர் போட்ட விதியால் ஒருவருக்குக் கண் போயிருக்கிறது. அதை ரெஜினா மறக்கவில்லை. ஆனாலும் ஒரு வாரம் மக்கள் தன்னை விரும்புகிறார்கள் என்று நம்பிச் சந்தோஷமாக நடந்த அந்த ஆளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று கேட்டார். சாதாரண ஆட்கள்தான், ரொம்ப மரியாதை என்றார் ஆணையர். ஒருத்தர் மைதானத்து வாசலில் நின்று சந்தனம் கொடுத்தாராம். இன்னொருத்தர் உட்கார்ந்த இடத்துக்கே காபி கொண்டுவந்து, சர்க்கரை போதுமா என்று கேட்டாராம். கிளம்பும்போது ஒரு கனத்த ஆள் வழிமறித்து, சாப்பிடாமல் போகக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டாராம்.

ரெஜினா பேனாவை மூடினார். உள்ளே கிளம்பிய சிரிப்பை இருமலாக மாற்ற வேண்டியிருந்தது. அதன் பின்னால் வந்த கோபத்தை எதுவாகவும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. எழுந்து நேரே அடுப்படிக்குப் போனார்.

தெய்வேந்திரன் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுருளி, கனத்த உடம்பு, ரெஜினாவைப் பார்த்ததும் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நீங்கதானே இதச் செஞ்சது?"

"நான் இந்த வாசல் தாண்டலையே மேடம். வேணும்னா போலீஸக் கேளுங்க."

"சுருளி தாண்டினாரு."

"அவருக்கு சுகரு. டாக்டரு தெனம் நடக்கணும்னுட்டாரு. தனியாப் போனா மயக்கம் வருமேன்னு, நம்ம ஆளுங்களையும் கூடப் போகச் சொன்னேன். மைதானத்துல அந்த ஐயாவும் நடக்குறாரு. பெரிய மனுஷனப் பாத்தா கவனிக்கிறதுதான எங்க பழக்கம்." கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டார். "அதான் மேடம் ஜோசியரே சொல்லிருச்சுல்ல. எங்க ஆளுங்கதான் கட்டுப்பாடான ஆளுங்க."

அவை தீர்மானம் போட்டது உங்களுக்குத் தெரியுமல்லவா, ஒரு மனிதருடைய சுதந்திரத்தோடு விளையாடுவது தப்பு என்று அதில்தானே இருக்கிறது என்றார் ரெஜினா.

தெய்வேந்திரன் முதல் முறையாக நிமிர்ந்து அவரை நேரே பார்த்தார்.

"தெரியும் மேடம். நானுந்தான் அது இல்லாம இருக்கேன். என்னையப் பத்தி யாரும் தீர்மானம் போடல."

ரெஜினா வெளியே வந்தார். வெட்கமாக இருந்தது. அதே சமயம், சந்தனமாரியின் கேள்விக்குப் பதில் இப்போது தெரிந்துவிட்டது. இந்த ஆள் வெளியே வரும்போது இதே ஆளாக இருக்கப் போவதில்லை. உள்ளே போவதற்கு முன்பே மாறிவிட்டார்.

அன்று மதியம் அவை கூடி, காவல் ஆணையருக்காகவும் ஆட்கொணர்வு மனு போடுவதென முடிவெடுத்தது. இலக்குவன் கண் கலங்கினார். இதுதான் நம் அமைப்பின் உச்சம், எதிரிக்காகவும் நிற்கிறோம் என்றார். யார் இந்த அநியாயத்தைச் செய்தது என்று கேட்டார். ரெஜினா தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் இரண்டு மனுக்களும் ஒன்றாக எடுத்துக்கொள்ளப்பட்டன. அரசு வழக்கறிஞரின் நிலைமைதான் பரிதாபம். முதல் மனுவில் கருவி தவறவே தவறாது என்று வாதாட வேண்டும். இரண்டாவதில் கருவி தவறிவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று நீதிபதி கேட்டார். "ஒருவரைச் சுற்றி ஆட்கள் கூடியிருக்கிறார்கள். இன்னொருவரைச் சுற்றியும் கூடியிருக்கிறார்கள்."

"மைலார்ட், இவர் கமிஷனர்."

"அது கருவிக்குத் தெரியுமா?"

அரசு வழக்கறிஞர் உட்கார்ந்தார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ரெஜினா பக்கம் திரும்பினார். முப்பது வருடமாக உங்களைப் பார்க்கிறேன், நீங்கள் நீதிமன்றத்தில் பொய் சொல்லிக் கேட்டதில்லை, நேராகவே கேட்கிறேன் என்றார்.

"உங்க கட்சிக்காரர் தெய்வேந்திரன் தலைவரா, இல்லையா?"

ரெஜினா திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் தெய்வேந்திரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் சந்தனமாரி, புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நேற்றுக் காலை வரை அந்த வார்த்தை உண்மை என்றே அவர் நம்பியிருந்தார்.

"மைலார்ட், இந்த உத்தரவு போட்ட அன்னைக்கு அவர் யாருக்கும் தலைவர் இல்ல. அவர் பேருகூட எங்க யாருக்கும் தெரியாது."

'போட்ட அன்னைக்கு' என்ற வார்த்தைகளை நீதிபதி கவனித்தாரா இல்லையா என்பது ரெஜினாவுக்கு இன்றுவரை தெரியாது. அவர் தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினார். மாலைக்குள் தீர்ப்பு வந்தது. இரண்டு பேரும் விடுதலை. கருவி தவறுமா தவறாதா என்பதை அரசே தெளிவுபடுத்தும் வரை அந்தச் சட்டத்தின் கீழ் யாரையும் பிடிக்கக் கூடாது. ஒற்றைக் கண் நெசவாளர் வந்திருந்தார். ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரெஜினா அங்கேயே அழுதுவிட்டார்.

கதை இந்த இடத்தில் முடிய வேண்டுமானால், இது வேறு அவையாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் காவல் ஆணையர் கனகசபாபதி அவைக்கு நேரில் வந்தார். நன்றி சொன்னார். பிறகு ஒரு புகார் கொடுத்தார். யாரோ திட்டமிட்டுத் தன்னைச் சிக்கவைத்திருக்கிறார்கள், அதை விசாரிக்க வேண்டும் என்றார். அது உங்கள் துறையின் வேலையல்லவா என்று ரெஜினா மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். போலீஸ் விசாரணையில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றார் ஆணையர்.

யார் புகார் கொடுத்தாலும் விசாரிப்பது அவையின் விதி. உண்மை அறியும் குழு ஒன்றை அமைத்துவிடலாம் என்றார் இலக்குவன். குழுவுக்கு யாரைத் தலைவராகப் போடுவது என்பதில் வழக்கமான சண்டை ஆரம்பித்தது. இவருக்கு அரசியல் சார்பு, அவருக்கு முன்முடிவு, இன்னொருவர் ஆணையருக்காக வாதாடியவர், நடுநிலை இல்லை. இப்படியே ஒன்பது பெயர்களும் அடிபட்டன. இலக்குவனுக்குத்தான் அந்த யோசனை வந்தது. எந்தக் கட்சியிலும் இல்லாத, எந்த அமைப்பிலும் சேராத, இந்தச் சட்டத்தால் தானே பாதிக்கப்பட்டும் யார் மேலும் கோபமில்லாத, இந்த ஊரிலேயே நடுநிலையான ஒரே மனிதர் தெய்வேந்திரன்தான் என்றார். அவர் நேர்மைக்கு உயர் நீதிமன்றமே சான்று என்றும் சொன்னார்.

காவல் ஆணையர் அதை மனப்பூர்வமாக வரவேற்றார். மண்டபத்தில் தன்னை அவர் எவ்வளவு நன்றாகக் கவனித்துக்கொண்டார் என்பதை நினைவுகூர்ந்தார். ஆள் அனுப்பி தெய்வேந்திரனைக் கூட்டிவந்தார்கள். வந்தவர் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பெரியவங்க சொன்னா சரிங்க என்றார்.

வாக்கெடுப்பு நடந்தது. ரெஜினாவின் கை மட்டும் மடியிலேயே இருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தெய்வேந்திரனைப் பார்த்தார். அந்த மனிதர் முகத்தில் குறும்பும் இல்லை, பயமும் இல்லை. எதைச் செய்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்பது போல் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெஜினா கையைத் தூக்கினார். அவை தொடங்கிய நாளிலிருந்து ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான். இலக்குவன் எழுந்து கைதட்டினார்.

கூட்டம் கலையும்போது தெய்வேந்திரன் தயங்கித் தயங்கி ரெஜினாவிடம் வந்தார்.

"அறிக்கை எப்பக் குடுக்கணும் மேடம்?"

"அவசரமே இல்லங்க தலைவரே" என்றார் ரெஜினா.